சிம்மாசனாதிபதி

பிள்ளைகளும் பெண்களும் உத்தியோகம் பார்க்கும் அமெரிக்க ஊர்களில் ஆறு மாதம் தங்கிவிட்டுப் போவதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் பிரயாணப்படும் பெற்றோர்களில் பல ரகம் உண்டு. பேரக் குழந்தைக்கு வசம்பும் விளக்கெண்ணெயும் கொண்டுவருபவர்கள் ஒரு ரகம். மாவடு ஜாடியைச் சுங்க அதிகாரியின் கண்ணில் படாமல் கடத்தி வந்துவிட்ட பராக்கிரமத்தை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு ரகம். நான் இங்கே பிரஸ்தாபிக்க விரும்புகிறவர் இவர்களில் எவரோடும் சேராதவர். இரண்டு கைப்பேசிகளும், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்திய மூன்று சிம் கார்டுகளுமே அவருடைய பிரதான மூட்டை. நியூவார்க்கில் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்ட க்ஷணத்தில், முன் வரிசையிலுள்ள அம்மாளின் கொண்டைக்கு மேலாகக் கையை நீட்டிக் கைப்பேசியை ஜன்னலோரம் உயர்த்திப் பிடித்து, "என்ன இது, டவரே எடுக்கவில்லையே!" என்று அவர் சொல்வதுதான் அமெரிக்க மண்ணில் அவருடைய முதல் வாசகம். பேரன் யார் ஜாடை என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிற்பாடுதான்.

இவரைக் கேலி செய்வது சுலபம். நானும் அந்தச் சுலபமான காரியத்தைத்தான் செய்யப்போகிறேன். ஆயினும் அதற்கு முன்னால் அவருடைய பூர்வாசிரமத்தைச் சிறிது தெரிந்துகொள்வது நியாயம். தபால் ஆபீசில் ட்ரங்க் காலுக்குப் பதிந்துவிட்டு, சாதாரணம், அர்ஜண்ட், லைட்னிங் என்ற மூன்று அந்தஸ்துகளில் தம்முடைய அவசரம் எதைச் சேர்ந்தது, அதற்கு எவ்வளவு பணம் தகும் என்று யோசித்தபடியே மரப் பெஞ்சில் மத்தியானப் பொழுதைக் கழித்தவர் அவர்; வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்று மனுப் போட்டுவிட்டு, அது வந்து சேர்வதற்குள் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தவர்; 1995-ஆம் வருஷம் செல்போன் இந்தியாவுக்கு வந்தபோது, நிமிஷத்துக்கு 16 ரூபாய் என்பதையும், கூப்பிடுகிறவன் மட்டுமின்றி எடுக்கிறவனும் பணம் கட்டவேண்டும் என்பதையும் கேள்விப்பட்டு, "இது நமக்கல்ல, மிராசுதாருக்கு" என்று ஒதுங்கிக்கொண்டவர்; 2003 மே முதல் தேதியிலிருந்து, வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகே ஒரு எண்ணை வாங்கி, அன்றுமுதல் அதை மாற்றாமல் ரட்சித்து வருகிறவர். அந்தப் பத்து இலக்கத்தில்தான் இப்போது அவருடைய லோகமே அடங்கியிருக்கிறது. ஆதார், பாங்கி, பென்ஷன், காஸ் சிலிண்டர், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அதுவே திறவுகோல். ரேஷன் கடையில் சர்க்கரை போட்டால்கூடச் செய்தி அதற்குத்தான் வருகிறது.

ஆகவே அந்த எண் அநாதையாகிச் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது பற்றி அவர் சேகரித்திருக்கும் ஞானம் சாமானியமானதல்ல. தொண்ணூறு நாள் உபயோகமில்லாத பிரீபெய்ட் எண்ணைக் கம்பெனிக்காரன் துண்டிக்கலாம். ஆனால் கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் துண்டிக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் பிறப்பித்த விதியை, நாம் திருக்குறளை ஒப்பிப்பதுபோல் அவர் ஒப்பிப்பார். பிப்ரவரியைத் தவிர வேறெந்த மாதத்தையும் மாதமென்று அங்கீகரிக்காமல் 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யச்சொல்லி, வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவைக்குப் பதிலாகப் பதின்மூன்று தடவை பணம் வாங்கும் தந்திரத்தை அவர் விஸ்தரிக்கும்போது, அப்படியொரு அநீதி நடப்பதை அதுவரை உணராமலிருந்த நமக்கே வெட்கமாகிவிடும்.

இத்தகைய பண்டிதர் நியூஜெர்ஸியில் எடிசன் நகரத்து ஓக் ட்ரீ சாலையிலுள்ள ஒரு கைப்பேசிக் கடைக்குள் பிரவேசிக்கிறார். மாதக் கடைசியில் பில் அனுப்பி வசூலிக்கும் கணக்கில் எண் கொடுக்கவேண்டுமானால், இங்கே சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள். அதைக்கொண்டு, ஆசாமி இதுவரை எவ்வளவு கடன் வாங்கினார், அதை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினார் என்று சரித்திரத்தைப் புரட்டுவார்கள். நம்மவரோ, முப்பத்தைந்து வருஷ உத்தியோக காலத்தில் ஒருவரிடமும் ஒரு தம்பிடி கைநீட்டி வாங்கியதில்லை என்பதையே தம் வாழ்க்கையின் தலையாய சாதனையாகக் கருதுகிறவர். அதை நிமிர்ந்து நின்று, சர்க்கார் கடிதங்களில் பழகிய கம்பீரமான ஆங்கிலத்தில் அவர் அறிவித்ததும், கடைப் பையன் மிகுந்த அனுதாபத்தோடு, "அதுதான் அங்கிள் இங்கே கஷ்டம்" என்கிறான். கடனே வாங்காதவனை நம்பக் கூடாது என்ற தர்மத்தின்மீது ஒரு தேசம் நடந்துகொண்டிருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவருகிறது. இரவு சாப்பாட்டின்போது இது பற்றி நீண்ட உபந்நியாசம் நடக்கும். மருமகள் அதன் நடுவே ரசத்துக்கு எழுந்துபோனவள், ரசத்தை மறந்துவிட்டுத் திரும்புவாள்.

மிஞ்சுவது முன்பணத் திட்டம். அதில் மலிவானது மாதம் 15 டாலர் என்றால், ஊரில் நாலு ரீசார்ஜ் செய்கிற பணம். அதைவிடவும் குறைந்த விலையில், பேசும் நிமிஷங்களை எண்ணிக் கொடுக்கும் திட்டம் ஒன்றை அவர் தோண்டி எடுப்பார். ஆனால் அத்திட்டத்தில், அவர் பேசும் நிமிஷம் மட்டுமல்ல, அவரைக் கூப்பிட்டுப் பிறர் பேசும் நிமிஷமும் கழிக்கப்படும். ஆக, 2003-இல் பெற்ற சுதந்திரம் நியூஜெர்ஸியில் பறிபோய்விடுகிறது. அடுத்தபடியாகக் கைப்பேசியே காலை வாரும். ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியிலும், வெரைசான் அவ்வருஷக் கடைசியிலும் மூன்றாம் தலைமுறை வலையை அடியோடு மூடிவிட்டபடியால், இப்போது பேச்சுங்கூட நாலாம் தலைமுறை வழியாகத்தான் போகவேண்டும். அப்படிப் போவதற்குக் கம்பெனி ஒப்புக்கொண்ட ரகத்துக் கருவியாகவும் இருக்கவேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய அவருடைய கருவி அந்த ஜாபிதாவில் இல்லை. சரி, பழைய ஐபோன் ஒன்று சும்மா கிடக்கிறது என்று மகன் எடுத்துக் கொடுப்பான். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புது ரகங்களில் சிம் செருகும் வாயில் கிடையாது என்பதை அவன் சொல்வதற்குள், அம்மாளின் வளையலிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தக் கருவியின் நாலு பக்கமும் அவர் குத்திப் பார்த்திருப்பார். சிம் கார்டு உள்ளேயே மின்னுருவில் இருக்கிறதாம். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துப் பூட்ட முடியாத எதையும் சொத்தென்று அவர் ஒப்புக்கொள்வதில்லை.

"இவ்வளவு எதற்கு அப்பா? வீட்டில் வைஃபை இருக்கிறது, வாட்ஸப் இருக்கிறது. யாரோடு வேண்டுமானாலும் பேசலாமே" என்பான் மகன்.

"வைஃபை தபால் பெட்டியோடு நின்றுவிடுகிறது. நான் அதைத் தாண்டி நடக்கிறேன்."

இதற்குப் பதில் கிடையாது. ஆளரவமற்ற புறநகரில், சில இடங்களில் நடைபாதைகூட இல்லாத சாலையோரமாக, புல்லையும் அணிலையும் தவிரப் பேச்சுத் துணையில்லாமல் காலையில் நடக்கும் எழுபது வயதுக்காரர் அவர். மகன் விடாமல், இந்நாட்டில் திட்டம் எதுவும் வாங்காத கைப்பேசியிலிருந்தும் 911-ஐக் கூப்பிட்டால் இணைப்புக் கொடுத்தே தீரவேண்டுமென்று சட்டம் இருக்கிறது என்று விளக்குவான். அது உண்மையே. "போலீசைக் கூப்பிட வழி இருக்கிறது, பெற்ற பிள்ளையைக் கூப்பிட வழியில்லை, அப்படித்தானே?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் வழக்கு முடிந்தது, எண் வாங்கப்படும். (911 என்றதும் ஞாபகம் வருகிறது: சுவர்த் தொலைபேசிக் காலத்தில், டில்லிக்குப் பேச நினைத்து, முன்னால் போடவேண்டிய 011-ஐ மறந்து 91-11 என்று சுழற்ற ஆரம்பித்தவர்களுக்கு மூன்றாவது இலக்கத்திலேயே போலீஸ் கிடைத்துவிடும். சென்னையின் 44 நம்மவர்களை இந்த அவமானத்திலிருந்து காப்பாற்றியது.)

எண் கிடைத்த பிறகுதான் உண்மையான கதை. ஊரில் காலை ஆறு மணிக்கு வாக்கிங் நண்பரில் ஆரம்பித்து, குடியிருப்போர் சங்கப் பொருளாளர், மோட்டார் ரிப்பேர்காரர், பெண்ணுக்கு வரன் தேடுபவர், எவரிடமேனும் வயிற்றெரிச்சலைக் கொட்டவேண்டிய ஒன்றுவிட்ட மைத்துனர் என்று ராத்திரி வரையில் ஓயாமல் மணியடிக்கக் கேட்ட பாக்கியசாலி, இங்கே புது எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். அது அடிக்கவேயில்லை. மகனுக்கு ஊர்ப் பழக்கப்படி ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்ப்பார், அவன் மீட்டிங்கிலிருந்து பதறியடித்து எழுந்து வந்து, "என்ன அப்பா, அம்மாவுக்கு ஏதாவது?" என்று கேட்டு, ஒன்றுமில்லையென்றதும் கோபித்துக்கொள்வான். அதன்பின் அந்த மார்க்கமும் அடைபடும்.

மூன்றாம் நாள் மணியடிக்கும். அமெரிக்காவில் எண்கள் மறுபிறவி எடுப்பவை. ஒருவர் விட்ட எண்ணை, குறைந்தது 45 நாள் ஆறப்போட்டு, பிறகு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகையால் நம்மவர் தலையில், முன்ஜென்மத்துக்காரர் ஒருவருடைய கர்மபலன் பூராவும் வந்து விடிகிறது. பல் டாக்டர் ஆபீசிலிருந்து ஒரு பெண்மணி, வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறாள். கடன் வசூலிப்பவர் கண்டிப்பான குரலில் தவணையைப் பற்றி விசாரிக்கிறார். எவனோ ஒருவன், உங்கள் காருக்கான வாரண்டி முடியப்போகிறது என்று எச்சரிக்கிறான். கார் ஓட்டவே தெரியாத நம்மவர் அவனிடம் என்ன கார், எந்த வருஷத்து மாடல் என்று அக்கறையாகக் கேட்டுக்கொள்கிறார். தேர்தல் நெருங்கினால், ஜனநாயகத்தைக் காப்பாற்ற இன்றிரவுக்குள் 5 டாலர் அனுப்பும்படி வேட்பாளர்கள் அவருக்கு நேரில் எழுதுகிறார்கள். நீங்களும் நானும் சீறித் துண்டிக்கக்கூடிய இந்த அழைப்புகளை, கழிகிற நிமிஷங்களையும் பொருட்படுத்தாமல், அவர் எடுத்து, மரியாதையாகத் தம் பெயர், பழைய பதவி, சொந்த ஊர் எல்லாம் சொல்லி, தாம் எண்ணின் பழைய சொந்தக்காரர் அல்ல என்று விளக்கி, போனை வைப்பதற்குமுன் அந்த மனிதருக்கு உடம்பு சௌக்கியமாக இருக்கவேண்டுமென்று ஆசியும் வழங்குகிறார். பல் டாக்டர் ஆபீஸ் பெண்மணி இரண்டாம் முறை பேசியபோது அவருடைய குரலை அடையாளம் கண்டுகொண்டாளாம். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை.

பழைய எண் மட்டும் மறக்கப்பட்டதாக நினைக்கவேண்டாம். ரோமிங்கில் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் அந்தச் சிம், மாடிக் குளியலறை ஜன்னலோரத்தில்தான் சிறிது டவர் எடுக்கும் என்பது பரிசோதனையில் தெளிந்த சித்தாந்தமாகையால், அதன் கருவி சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்டிருக்கும். நவம்பர் வந்ததும் அந்தச் சந்நிதிக்கு விசேஷம் கூடிவிடும். மத்திய சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவர்கள், தாம் உயிரோடிருப்பதாக வருஷந்தோறும் நவம்பரில் சான்று தரவேண்டும். 2014-இல் இதைக் கணினிவழி ஆக்கி, 2021-இலிருந்து முகத்தைக் காட்டினாலே போதுமென்றும் சௌகரியம் செய்துகொடுத்திருக்கிறார்கள். ஆயினும் செயலியில் எண்ணைப் பதிந்தபின் ஓடிபி வந்தாகவேண்டும். சர்க்கார் கம்ப்யூட்டரும் பத்தரை மணிக்குத்தான் வேலைக்கு வரும் என்பது உத்தியோக அனுபவத்தில் அவர் கொண்ட அபிப்பிராயம். இந்தியாவில் பத்தரை என்றால் நவம்பர் நியூஜெர்ஸியில் நடுநிசி. அந்த நேரத்தில், குல்லாயும் சால்வையுமாகக் குளியலறை ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, தாம் சாகவில்லை என்பதற்கான ஆறு இலக்கச் செய்தி பாரத தேசத்திலிருந்து வருமா என்று ஒருவர் காத்திருக்கும் காட்சியைப் பார்த்த பேரன், தாத்தா தூக்கத்தில் நடக்கிறார் என்று அம்மாவை எழுப்பியதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவரைப் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் காணலாம். தரிசனத்துக்கு ஐந்து நிமிஷம். கீழே சிற்றுண்டிச் சாலையில் தோசைக்குக் காத்திருக்கும் நேரம் முழுவதும் சொற்பொழிவு. புதிதாக வந்து இறங்கிய தகப்பனார்கள் சுற்றிச் சூழ்ந்து நிற்க, ரோமிங், ரீசார்ஜ், எந்தக் கம்பெனிக்கு எந்தத் தெருவில் டவர் என்பதையெல்லாம் அவர் உபதேசிப்பார். பிரியும்போது எல்லாரும் எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலை மகனும் மருமகளும் காரில் ஏறிப்போன ஐந்தாவது நிமிஷம் முதல் அந்த எண்கள் ஒன்றையொன்று கூப்பிடத் தொடங்கும். "சார், இன்றைக்கு உங்கள் பக்கம் சிக்னல் எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப்பின் ஒரு மணி நேரம் சிக்னலைப் பற்றிப் பேச்சே வராது. அப்போதுதான் அவர் எண்ணி வாங்கிய நிமிஷங்கள் சரசரவென்று கரைகின்றன. எல்லையில்லாத பேச்சுத் திட்டத்துக்கு மாற்றிக்கொடுக்கும்படி மகனிடம் வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கௌரவம் இடங்கொடுப்பதில்லை.

தகப்பனாரை வரவழைக்கப்போகும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் குடும்பத் திட்டத்தில் இன்னொரு இணைப்பை முன்னதாகவே சேர்த்து, சோதித்துப் பார்த்த கருவியோடு விமான நிலையத்துக்குப் போங்கள். பிறகு, ஆபீசில் மத்தியானம் சாப்பிடப் போகும்போது அந்த எண்ணை ஒருமுறை கூப்பிடுங்கள். முதல் மணி அடித்து முடிவதற்குள் அவர் எடுத்துவிடுவார். ஆகையால் உங்களுக்கு நேரமும் அதிகம் வீணாகாது.