குழல்துளைத் துப்புரவியல்: .303 ரைஃபிளை முன்வைத்து ஓர் ஆய்வு

துப்பாக்கியைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் குழலிலிருந்து வெளியேறும் குண்டையே பொருட்படுத்துகின்றன. குண்டு போன பின் உள்ளே தங்கிவிடும் அழுக்கோ, ஒரு சிப்பாயின் வாழ்நாளில் போரைவிட அதிக நேரத்தை விழுங்கியிருந்தும், அறிஞருலகின் கவனத்தைப் பெறவில்லை. இக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு, பிரிட்டிஷ் படை 1895இல் ஏற்றுக்கொண்டு 1907இல் மூன்றாம் மாதிரியாகத் திருத்தியதும், இந்தியக் காவலர் கைகளில் இருபத்தோராம் நூற்றாண்டு வரை தங்கியதுமாகிய .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் குழல்துளை இங்கே ஆய்வுப் பொருளாகிறது.

குழல்துளை என்பது ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர் விட்டமும் 64 சென்டிமீட்டர் நீளமும் உடைய ஒரு வெற்றிடம். அதன் சுவரில், பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் இடப்புறமாகத் திருகிச் செல்லும் ஐந்து பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டைச் சுழலவைத்துத் தடம் பிறழாமல் செலுத்துவதே இப்பள்ளங்களின் வேலை எனினும், அழுக்கு பதுங்குவதற்கு இவற்றினும் வசதியான இடம் வேறில்லை என்பதும் உடன் கருதத்தக்கது.

அவ்வழுக்கு ஓரினத்ததன்று. எரிந்த மருந்தின் கரியும், குண்டின் மேலுறையிலிருந்து உராய்ந்து ஒட்டிக்கொள்ளும் உலோகப் பூச்சும் கண்ணுக்குப் புலப்படுவன. ஆகவே அவற்றை நேர்மையான அழுக்குகள் எனலாம். மூன்றாவதே வஞ்சகமானது. பழைய தோட்டாவின் அடியில், ஊசி குத்தியதும் தீ மூட்டும் சிறு கிண்ணத்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து பொட்டாசியம் குளோரைடாக, அதாவது கறியுப்பின் நெருங்கிய உறவுப் பொருளாக மாறிக் குழலெங்கும் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வரவழைத்தது. உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது என்பது சமையலறைகளில் நெடுங்காலத்துக்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை. அதை மறந்து எண்ணெயை மட்டும் தடவிய சிப்பாய், உப்புக்குப் பளபளப்பான போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டுத் தூங்கப் போனான் என்றே கொள்ளவேண்டும். எனவேதான் ஐந்தாறு பைன்ட், ஏறத்தாழ மூன்று லிட்டர், கொதிநீரைப் புனல் வைத்துக் குழலின் பின்வாயில் ஊற்றும் வழக்கம் படையில் நிலைபெற்றது. குளிர்ந்த நீரும் உப்பைக் கரைக்குமாயினும், கொதிநீர் குழலைச் சுடவைத்துத் தன் ஈரத்தைத் தானே உலர்த்திவிடுகிறது. அதே நீரில் முதலில் தேநீர் போட்டுக்கொள்வது முறையா என்பதில் கருத்தொருமிப்பு ஏற்படவில்லை.

அடுத்து வருவது 'புல்த்ரூ'. ஒரு முனையில் பித்தளை எடை கோத்த இக்கயிறு, எண்ணெய்க் குப்பியோடு, தோளில் பதியும் மரக்கட்டையின் பொந்துக்குள் சுருண்டு கிடக்கும். அதில் மூன்று கண்ணிகள் உண்டு. எடைக்கு அருகிலுள்ளது கம்பிவலைக்கு. நடுவிலுள்ளது, தேசிய மாணவர் படையினர் இந்தியில் 'சிந்தி' என்றழைக்கும், நான்குக்கு இரண்டு அங்குலத் துணித்துண்டுக்கு. மூன்றாவது, துணி நடுவழியில் சிக்கிக்கொண்டால் கயிற்றைத் திரும்ப இழுப்பதற்கு. கருவியைப் படைக்கும்போதே அதைக் கையாளப்போகிறவரின் இயல்பையும் கணக்கில் கொண்ட இம்மூன்றாவது கண்ணி, துப்பாக்கி வரலாற்றில் போதிய அளவு போற்றப்படவில்லை.

எடையைப் பின்வாயில் போட்டு, முன்வாயில் வெளிவந்ததும், இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். முதல் துணி கறுத்து வரும், இரண்டாவது சாம்பல் நிறமாக வரும், மூன்றாவது நம்பிக்கையளிக்கும். அதன்பின் எத்தனை துணி இழுத்தாலும் அதே நம்பிக்கைதான் வருமேயன்றி வெண்மை வருவதில்லை. ஆதலால் துப்புரவின் முடிவைத் துணியின் நிறத்தைக் கொண்டு வரையறுப்பது வீண். நடைமுறையில் அதைத் துணியின் கையிருப்பே வரையறுத்து வந்திருக்கிறது.

இவ்விடத்தில் இத்துறையின் தலையாய முரண் வெளிப்படுகிறது. கயிற்றை நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தால், அதில் ஒட்டிய மணலும் தூசியும் அரமாகி, முன்வாயின் விளிம்பை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும். குண்டு குழலை விட்டு நீங்கும்போது கடைசியாகத் தொடும் இடம் அதுவேயாதலால், அங்கு நேரும் சிறு கோணலும் குறியைக் கெடுக்கும். ஆயுதப் பழுதுபார்ப்போர் இதற்கெனத் தனிப்பெயரே வைத்து, இவ்வாறு தேய்ந்த குழல்களைக் கழித்துக் கட்டினர். ஆண்டுக்குச் சில முறையே சுடப்பட்டு, சுடாத நாள்களிலும் தவறாமல் துடைக்கப்பட்ட துப்பாக்கியைப் பொறுத்தவரை, அதன் முதற்பகை எல்லைக்கு அப்பால் இல்லை, பொந்துக்குள் சுருண்டு கிடந்தது என்று துணிந்து கூறலாம்.

எஞ்சியிருப்பது மேற்பார்வை. அதிகாரி முன்வாயில் கண்வைத்துப் பார்க்க, சிப்பாய் பின்வாயருகே கட்டைவிரலைச் சாய்த்துப் பிடித்து, நகத்தில் படும் வெளிச்சத்தைக் குழலுக்குள் திருப்பிவிடவேண்டும். குழலுக்குள் செல்லும் ஒளி முழுவதும் நகத்தின் வழியே செல்வதால், மூன்று லிட்டர் கொதிநீரும் ஒரு கட்டுத் துணியும் கண்ட குழல்கூட, நகம் கழுவாத சிப்பாயின் கையில் மங்கலாகவே தெரியும். தண்டனையை நகத்துக்கு விதிப்பதா, குழலுக்கு விதிப்பதா என்ற வினா எழுமுன்னரே, அதிகாரி அடுத்த துப்பாக்கிக்கு நகர்ந்துவிடுகிறார்.