டிக்கிக்கு அடியில் ஒரு லாக்கர்

தமிழ்க் குடும்பங்கள் நகையை ஒளித்துவைக்கும் இடங்கள் வீட்டுக்காரர்களைவிடத் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். அரிசி டிரம், சாமி அலமாரி, பீரோவில் கூறைப்புடவை மடிப்பு. இவற்றைத் தாண்டி நம் கற்பனை போனதில்லை. மேடவாக்கத்தில் மாம்பாக்கம் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒருவருக்குப் போனது. மைத்துனர் மகளுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். வீட்டம்மாவின் நகைகளோடு சொந்தக் காரில் போக வேண்டும். ஆகவே, காருக்குள்ளேயே ஒரு ரகசிய அறை கட்டிவிடுவது என்று தீர்மானித்தார்.

பயம் நியாயமானதுதான். நிறுத்தியிருக்கும் காருக்குப் பக்கத்தில் நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு, “சார், உங்க பணம் கீழே கிடக்குது” என்பார் ஒருவர். இறங்கிக் குனிவதற்குள் மறுபக்கக் கதவு வழியாகப் பை போயிருக்கும். “இன்ஜின்ல ஆயில் ஒழுகுது சார்” என்பது அதே வித்தையின் இன்னொரு பதிப்பு. போலீஸ் எத்தனை முறை எச்சரித்தாலும் பத்து ரூபாய்க்குக் குனியாத முதுகு நம் ஊரில் அபூர்வம்.

ரகசியம் என்பதால் அவர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எதையும் போடவில்லை. அசோசியேஷன் செயலாளரிடம் மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்தி, யோசனை கேட்டார். மறுநாள் காலை கார் துடைக்கும் பையன், “சார், ரூம் எந்தப் பக்கம் வருது? அங்க தண்ணி ஊத்தாம தொடைக்கணும்ல?” என்று கேட்டான்.

பெரும்பாக்கம் பக்கம் ஒரு டிங்கர் பட்டறைக்குப் போனார். அங்கே டிங்கர் ஒரு கதவுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். வாட்டர் பேப்பர் தேய்த்த சாம்பல் நிறத் தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, கார்ல சின்னதா ஒரு அறை வேணும். வெளியே தெரியக் கூடாது.”

டிங்கர் தேய்ப்பதை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சார் வைக்கப் போறீங்க?”

“நகை.”

“எல்லாரும் அப்டித்தான் சார் சொல்லுவாங்க.”

இருந்தாலும் வந்தவரை ஏமாற்ற வேண்டாம் என்று காரைச் சுற்றிக் காட்டினார். டேஷ்போர்டுக்குள் வைக்கலாம் என்றால் அங்கே ஏர்பேக் இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முன்னால் ஒட்டியாணத்தை ஒளித்துவைத்தால், மோதிய மறுகணம் அது முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமியாரின் மூக்கை நோக்கிப் புறப்படும். முன்சீட்டுக்கு அடியில் பார்த்தார்கள். மஞ்சள் உறை போட்ட ஒரு கனெக்டர் தெரிந்தது. “மஞ்சக் கலர் பாத்தீங்களா? ஏர்பேக், சீட் பெல்ட் லைன் சார். இதுல கை வெச்சோம்னா மீட்டர்ல ஒரு லைட் எரியும். அப்புறம் அது அணையாது, வாரண்டிதான் அணையும்.” கதவுக்குள் வைக்கலாமா என்றால் அது கண்ணாடி இறங்கி ஏறும் இடம். மழைத்தண்ணீர் உள்ளே போய்க் கீழே ஓட்டை வழியாக வடியும்படிதான் கதவையே செய்கிறார்கள். ஆரம் சிக்கினால் கண்ணாடி ஏறாது.

உண்மையில் கார் கம்பெனிகளே இந்த ஆசையை முன்பே புரிந்துகொண்டவை. மாருதி வேகன்ஆரில் முன்சீட்டுக்கு அடியில் இழுத்தெடுக்கும் தட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் நகை வைத்தவர் உண்டோ இல்லையோ, பெரும்பாலான வண்டிகளில் பழைய செருப்பும் ஒரு குடையும் பத்திரமாக இருந்தன.

கடைசியில் டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கியபோது நம்மவர் கண்கள் மலர்ந்தன. ஸ்டெப்னிக் குழி! டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020இல் விதியைத் தளர்த்தியிருக்கிறது. டயரை எடுத்துவிட்டுப் பெட்டியை இறக்கினால் அரசாங்கமே ஒதுக்கித் தந்த லாக்கர்.

அப்போதுதான் டிங்கர் கேட்டார்: “மழை வந்தா சார்?”

மேடவாக்கத்துக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்தவர்களுக்காகவே வந்ததுபோல 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. பக்கத்துப் பள்ளிக்கரணையில் ஓர் அடுக்ககத்திலிருந்து கார்கள் வரிசையாக மிதந்து போனதை நாடே செல்போனில் பார்த்தது. தெருவில் முட்டளவு தண்ணீர் ஏறினால் காரில் முதலில் நனைவது தளமும் டிக்கிக் குழியும்தான். திருடன் தேடிப் பிடிக்க அரை மணி நேரம் ஆகும் இடத்தை ஏரித் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். மேடவாக்கத்திலும் 2022 மே மாதம் திறந்த, 2 கிலோமீட்டர் நீள மேம்பாலம் இருக்கிறதே என்று அவர் சமாளித்தார். வீட்டம்மாவின் நகை முழுவதையும் நடுராத்திரி பாலத்தின் மேல் தனியாக நிறுத்திவிட்டு வருவதற்கு லாக்கர் என்று பெயர் வைக்க முடியாது என்பதை டிங்கர் சொல்லாமல் சொன்னார்.

சட்டமும் பக்கத்திலேயே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு ரகசிய அறையைப் பற்றிக் கவலையில்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறியிருக்கிறதா என்பதே அதன் கவலை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்கிறது. பெட்டிக்குள் போதைப்பொருள் இருந்தாலோ கதையே வேறு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி வண்டியும் பறிமுதலுக்கு உரியது. ஆந்திரத்திலிருந்து கஞ்சா ஏற்றிவரும் கார்களில் டிக்கியும் சீட்டும் பிரித்து எடுக்கப்படும் படங்கள் நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன. அந்தப் படங்களைப் பார்த்த எந்தக் காவலரும் ஸ்டெப்னி இல்லாத டிக்கியைப் பார்த்துவிட்டு, “பாவம், நகைக்காக வைத்திருக்கிறார்” என்று கடந்துபோகமாட்டார்.

வெளிநாடுகளிலும் இந்தத் தொழிலுக்குக் கவுரவமான முடிவு குறைவு. 1962இல் நியூயார்க்கில் பிடிபட்ட ஒரு ப்யூக் கார், தன் உடலுக்குள் ஹெராயினை ஒளித்துச் சுமந்து வந்தது. அதை வைத்து எடுத்த ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தில், கம்பெனி சொன்ன எடையைவிட வண்டி 120 பவுண்டு கூடுதலாக இருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் 2012இல் ரகசிய அறைக்கென்றே சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே, உள்ளே எதுவுமே இல்லாத அறைக்காக ஒருவரைக் கைது செய்தார்கள்.

பெர்லினில் மட்டும் ஒரு நல்ல கதை உண்டு. 1964இல், இரண்டேகால் மீட்டருக்குச் சற்றே நீளமான ஐசெட்டா என்ற குட்டிக் காருக்குள் இடம் செய்து, கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஆளையே ஒளித்துக் கடத்தினார்கள். ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய்ப் பழகியவர்களுக்கு அது பெரிய சாதனையாகத் தெரியாது.

எல்லாவற்றையும்விட வேடிக்கை கலிஃபோர்னியாக் கதை. அங்கே கார் ஸ்டீரியோ பொருத்தும் ஒருவர், குறிப்பிட்ட வரிசையில் சுவிட்சுகளை அழுத்தினால் மட்டும் திறக்கும் அறைகளைச் செய்துதந்தார். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், அறை சிக்கிக்கொண்டு திறக்கவில்லை என்று வந்து நின்றார். திறந்து பார்த்தால் உள்ளே 8 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம். செய்துகொடுத்த குற்றத்துக்கே அவருக்கு 24 ஆண்டுக்கு மேல் சிறை. திருநெல்வேலியில் முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது தாலிக்கொடி உள்ளே மாட்டிக்கொண்டு, பெரும்பாக்கத்து டிங்கருக்கு வீடியோ கால் போடும் காட்சியை நம்மவர் நினைத்துப் பார்த்தார். வியர்த்தது.

பெரிய பணம் நம் ஊரில் ஒளிந்து போவதே இல்லை. 2016 மே மாதம், சட்டமன்றத் தேர்தல் நேரத்தில், திருப்பூர் அருகே மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. தன்னுடைய பணம்தான் என்றது ஸ்டேட் வங்கி. ரகசிய அறை ஏதுமில்லை, லாரி முழுக்கவே அறை. 2024 ஏப்ரல் 6 இரவு நம் தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரசிலிருந்து பறக்கும் படை எடுத்த சுமார் 4 கோடி ரூபாய் சாதாரணப் பைகளில்தான் இருந்தது. அதுவும் திருநெல்வேலி வழிதான். தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு ஆவணம் வேண்டும் என்பது டீக்கடை வரை தெரிந்த விதி. ஆவணம் இருக்கிறவருக்கு அறை தேவையில்லை. இல்லாதவரை அறை காப்பாற்றுவதில்லை.

வீட்டம்மாதான் கடைசியில் தீர்ப்பு சொன்னார். “ஏங்க, ரெண்டு நாள் கல்யாணத்துக்கு எதுக்கு இவ்வளவு? போட்டிருக்கிற சங்கிலி போதும். மத்ததுக்குச் சிதம்பரம் கவரிங் இருக்கு. மண்டபத்துல உரசிப் பாக்கவா போறாங்க?” நகை வங்கிக்குப் போனது. ஸ்டெப்னி குழியிலேயே இருக்கிறது.

வங்கியிலும் ஒரு சங்கதி உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரியிலிருந்து, தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் போனால் வங்கி பொறுப்பில்லை. எனவே மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி வாசகர்கள் லாக்கர் எடுக்கும்போது மாடியில் இருக்கிற கிளையாகப் பார்த்து எடுங்கள்.