மச்சான் பிடித்த கயிறு

முத்துக் குளிக்கப் போகிறவன் கயிற்றை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடலுக்குள் மூழ்குவான் என்பார்கள். கூடப் பிறந்தவனே படகில் இருந்தாலும் மச்சான்தான் பிடிக்க வேண்டும். அக்கா தாலி அறுக்கிற வேலையை எந்த மச்சானும் செய்ய மாட்டான் என்பது எங்கள் கடற்கரைக் கணக்கு.

கடலுக்குள் இவ்வளவு விவரமாக இருந்த தூத்துக்குடிக்காரர்கள், கரையில் கயிற்றைச் சென்னைக் கோட்டையிடம் கொடுத்துவிட்டோம்.

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லிப் போராடிய நூறாவது நாள். கலெக்டர் ஆபீசுக்கு நடந்து போனவர்களுக்குக் குண்டில் பதில் வந்தது. அன்றும் மறுநாளும் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். பிள்ளை பெரியாஸ்பத்திரியிலா, பிணவறையிலா, போலீஸ் ஸ்டேஷனிலா என்று பெற்றவர்கள் அலைந்த நேரத்தில் அரசுக்கு எங்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. வதந்தி பரவக் கூடாதாம். தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் மே 23-ல் இணையத்தை அறுத்தார்கள். எங்களுக்கு அது திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. தோட்டா தாராளமாகப் பரவலாம், தகவல்தான் ஆபத்து.

அன்றைய முதல்வரோ, துப்பாக்கிச் சூட்டை டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். ஐயோ பாவம் என்றிருந்தோம். அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், அவர் சொன்னது உண்மையல்ல என்று துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னால் எழுதிவைத்தது. ஆக, வதந்தி எங்கிருந்து கிளம்பியது? அந்த வாயை அறுக்க உத்தரவு ஏதும் வரவில்லையே!

இணையத்தை நிறுத்தினால் அந்த உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. எதில் வெளியிடுவார்கள்? இணையத்திலா?

அறுக்க முடியாத வலை வேண்டுமா? எங்கள் தெரேஸ்புரத்தில் மீன் வலை பின்னுகிறவரிடம் கேளுங்கள். ஒரு கண் அறுந்தால் அடுத்த கண் தாங்கும். மக்கள் சேர்ந்து நடத்தும் மெஷ் வலையும் அதேதான். மாடிக்கு மாடி ஒரு ரவுட்டர். ஒன்று அடுத்ததற்குத் தகவலைக் கைமாற்றும். ஒன்று படுத்தால் வேறு வழியாகப் போகும். ஸ்பெயினின் கத்தலோனியாவில் கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர்க்காரர்கள் 2004-ல் குய்ஃபி நெட் என்று சொந்த வலையைத் தொடங்கி இன்றும் நடத்துகிறார்கள். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைக்கு 2005 முதல் லைசென்ஸே வேண்டாம்.

வெளி இணைப்பை அறுத்தால் இந்த வலையிலும் யூடியூப் வராது. வர வேண்டாம். "உன் மகன் உயிரோடு இருக்கிறான், மூன்றாம் வார்டு" என்ற ஒரு வரி தெருவைத் தாண்டிப் போயிருந்தால் அன்றைக்குப் போதும்.

பனிமய மாதா கோயில் கோபுரத்தில் ஒன்று, சிவன் கோயில் தெரு மாடியில் ஒன்று, பள்ளிவாசலில் ஒன்று என்று கட்டத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரனும் ஒருவகையில் மச்சான்தான். நாம் மூழ்கினால் அவன் வீட்டிலும் இழவு விழும். கோட்டையில் யாருக்கும் தாலி அறுவதில்லை.