முக்காலியின் நிலைபேறு: ஒரு முதற்கட்ட ஆய்வு

புயலுக்குப் பெயர் வைப்பதற்கு 13 நாடுகள் கூடிப் பட்டியல் போடுகின்றன. அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் கரையைக் கடந்தது என்பது தொலைக்காட்சித் திரையின் அடியில் விடிய விடிய ஓடுகிறது. அந்த வேகத்தை அளந்த கருவியைப் பற்றியும் தடித்தடியாக நூல்கள் உண்டு. அந்தக் கருவி அன்றிரவு எதன் மேல் நின்றுகொண்டிருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அறிவுலகில் விழுந்துகிடக்கும் இந்த ஓட்டையை அடைக்கும் பணிவான முயற்சியே இக்கட்டுரை. ஆய்வுப் பொருள், வானிலைக் கருவிகளைத் தலையில் சுமந்து வெட்டவெளியில் நிற்கும் இரும்பு முக்காலி. ஆய்வுக் கேள்வி ஒன்றே ஒன்று: அது ஏன் இன்னும் விழவில்லை?

கால் ஏன் மூன்று என்பதிலிருந்து தொடங்குவதே முறை. முத்தமிழ், முக்கனி, மூவேந்தர் என்று அடுக்கிப் பழகியவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. வடிவியலார் வேறு காரணம் சொல்வர். எந்த மூன்று புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும் அவற்றைத் தொட்டுக்கொண்டு ஒரு தளம் போகும். ஆகவே தரை மேடும் பள்ளமுமாக இருந்தாலும் மூன்று காலும் ஊன்றும். நான்காவது கால் வந்து சேர்ந்ததும்தான் தகராறு. மடித்த அட்டையைக் காலடியில் செருகிவைத்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த எவரும் இதற்குச் சாட்சி.

மூன்றின் வெற்றி காலோடு நிற்கவில்லை. அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தில் தாமஸ் ராம்னி ராபின்சன் 1846இல் அமைத்த காற்றுமானிக்கு நான்கு கிண்ணங்கள் இருந்தன. கனடாவின் ஜான் பேட்டர்சன் 1926இல் மூன்றே போதும் என்று காட்டினார். ஒரு கிண்ணம் குறைந்ததும் சுழற்சி சீரானது. திடீர் வீச்சு வந்தால் கருவி இன்னும் சுருக்காக வேகம் பிடித்தது. இன்றைய கிண்ணக் காற்றுமானி பெரும்பாலும் அந்த வடிவம்தான்.

மறுப்புத் தரப்பு ஒன்றும் உண்டு. அது சென்னையில் இருக்கிறது, எடையும் அதிகம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தில், விண்மீன் நோக்கும் கருவியைத் தாங்குவதற்காக ஒரு கருங்கல் தூணை நட்டார்கள். எடை 10 டன். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் கல்வெட்டோடு அது இன்றும் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. ஒற்றைக் கால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை; 10 டன் கல்லை மாடிப்படியில் ஏற்ற ஆள் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். இந்த ஆய்வு அந்த வசதி இல்லாதவர்களைப் பற்றியது.

அடுத்தது இடம். உலக வானிலை அமைப்பின் நெறிமுறைப்படி காற்றின் வேகத்தைத் திறந்தவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கவேண்டும். அருகில் ஏதாவது தடை இருந்தால், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்காவது தள்ளி நிற்கவேண்டும். வெப்பநிலைக்கு 1.25 முதல் 2 மீட்டர் உயரம். மழைமானியோ உயரப் போகப்போகக் காற்றில் துளிகளைத் தவறவிடும், எனவே தரையை ஒட்டியிருப்பதே அதற்கு நல்லது. மூன்று மீட்டர் முக்காலி ஒன்றில் இந்த மூன்றையும் மாட்டுகிறவர் மூவரையும் சமமாக ஏமாற்றுகிறார் என்பதே ஆய்வின் முதல் முடிவு. பக்கத்து மனையில் 12 மீட்டர் தென்னை ஒன்று நின்றால் முக்காலி 120 மீட்டர் தள்ளிப் போகவேண்டும். அத்தனை தூரம் போனால் அது மூன்றாவது தெருவில் இன்னொருவர் மொட்டைமாடியில் நிற்கும், அங்கே அவர் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி குறுக்கே வரும்.

இனி காற்று. இங்கே நம் முன்னோர் ஒரு கருதுகோளை விட்டுச் சென்றிருக்கிறார்கள்: ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும். இதைச் சோதிக்காமல் ஆய்வு மேலே நகர முடியாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு ஈடான விசை விழும். அம்மி 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்று படும் பக்கம் 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரம். தரையின் உராய்வு எடையில் பாதி. கணக்குப் போட்டால், அம்மி பறப்பது இருக்கட்டும், இருந்த இடத்தைவிட்டு நகரவே 250 கி.மீ.க்கு மேல் வேகம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கோ ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கோ அவ்வளவு வலு கிடையாது.

ஆனால் பழமொழியை முற்றாகத் தள்ளவும் முடியாது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பாரோ தீவில், 1996 ஏப்ரல் 10 அன்று ஒலிவியா புயலின்போது தானியங்கிக் கருவி ஒன்று 408 கி.மீ. வீச்சைப் பதிந்தது. அதை உலகச் சாதனை என்று உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொள்ள 2010 ஆனது. அன்று அந்தத் தீவில் அம்மி இருந்திருந்தால் நிச்சயம் நகர்ந்திருக்கும். அங்கே கருவியும் அதைத் தாங்கியதும் நின்றதால் எண் கிடைத்தது. எல்லா இடத்திலும் அப்படி வாய்ப்பதில்லை. 1974 கிறிஸ்துமஸ் விடியற்காலையில் டார்வின் நகரை டிரேசி புயல் தாக்கியபோது, விமான நிலையக் கருவி 217 கி.மீ. என்று காட்டிவிட்டுச் செயலிழந்தது. அதன் பிறகு வீசியது எவ்வளவு என்பது ஊகம்தான்.

முக்காலிக்கு வருவோம். கருவிகளும் கம்பமுமாகச் சேர்த்துக் காற்று படும் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்று கொண்டால், 100 கி.மீ. காற்று அதன்மேல் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளும். கேட்பதற்கு அற்பம், குழந்தைகூடத் தள்ளுமளவு. ஆனால் அது தள்ளுவது மூன்று மீட்டர் உயரத்தில். நெம்புகோல் கணக்கு அங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது.

பாமரர் நினைப்பதுபோல் முக்காலி தன் காலைத் தாண்டி விழுவதில்லை. இரண்டு காலுக்கு நடுவே உள்ள வெறும் பக்கத்தில்தான் கவிழும். நடுக்கம்பத்திலிருந்து ஒவ்வொரு காலும் ஒரு மீட்டர் தள்ளி ஊன்றியிருந்தால், நடுவிலிருந்து அந்த வெறும் பக்கத்துக்கு அரை மீட்டர்தான். எனவே மூன்று மீட்டர் உயரத்தில் 5 கிலோ தள்ளுவதை எதிர்த்து நிற்க முக்காலிக்கு 30 கிலோ எடை வேண்டும். 140 கி.மீ. காற்றுக்கு 60 கிலோ. லேசான முக்காலிகள் பலவும் 10 கிலோவைத் தொடுவதில்லை.

அப்படியானால் காற்று போகும் திசையில் ஒரு காலை நீட்டி வைத்தால் ஆயிற்றே என்பது கடா. விடை: புயல் நேர்கோட்டு மனிதன் அல்ல. அதன் கண் ஓர் ஊரைக் கடக்கும்போது சற்று நேரம் எல்லாம் அமைதி. முருங்கை மரம் பிழைத்ததா என்று பார்க்க ஆட்கள் வெளியே வருவார்கள். பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து வரும். நீட்டிவைத்த கால் அப்போது தப்பான பக்கத்தில் இருக்கும்.

இந்த நெருக்கடியில்தான் முக்காலியியல் இரண்டு கட்சிகளாகப் பிரிகிறது. மூட்டைக் கட்சியினர் காலுக்கொரு மணல் மூட்டையைத் தூக்கிப்போட்டால் போதும் என்பார்கள். துளை போடவேண்டாம், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டாம், நினைத்தபோது நகர்த்தலாம். இவர்கள் பெரும்பாலும் மொட்டைமாடிவாசிகள். மாடியில் நீர் கசியாமல் காக்கும் மேல்தளப் பூச்சான வெதரிங் கோர்ஸில் டிரில் இறங்கினால் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை என்ன சொல்லும் என்று அறிந்தவர்கள். கட்சியின் பலவீனம் சாக்கு. பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் சில மாதங்களில் நொறுங்கத் தொடங்கும். தையல் விட்ட இடத்தில் மணல் ஒழுகிக்கொண்டே இருக்கும். மாடியில் இருப்பவர் பெருக்கித் தள்ளுவார். புயல் எச்சரிக்கை வரும் நாளில் மூட்டை என்ற பெயரில் ஒரு துணி மட்டும் காலைச் சுற்றிக் கிடக்கும். இதற்கு மாற்றாக சிமெண்டுக் கட்டை வார்த்து வைப்பவர்கள் இதே கட்சியின் தீவிரப் பிரிவினர்.

ஆப்புக் கட்சியினர் மண்ணை நம்புபவர்கள். மண் எல்லா ஊரிலும் ஒன்றல்ல என்பதை மறப்பதும் இவர்களே. கரிசல் மண் கோடையில் வாய் பிளக்கும், மழையில் ஊதும். சித்திரையில் இறுகப் பிடித்த முளை ஐப்பசியில் விரலுக்கு வந்துவிடும். கடற்கரை மணலில் ஒன்றரை அடி ஆணி சும்மா அலங்காரம்; அங்கே குழி வெட்டி, கம்பியின் முனையில் கட்டையைக் கட்டிப் புதைக்கவேண்டும். முளையின் தலை முக்காலியைவிட்டு வெளியே சாய்ந்திருக்கவேண்டும் என்பதைப் பந்தல் போடுகிறவர்கள் பாடம் படிக்காமலே செய்கிறார்கள். செங்குத்தாக அடித்த முளையைக் கயிறு சுலபமாக உருவிக்கொண்டு வரும்.

உண்மையில் இரு கட்சிக்கும் தீர்ப்பு சொல்வது மின்வாரியக் கம்பம். முனையில் நிற்கும் கம்பத்துக்கு ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முக்காலிக்கும் அதுவே வழி. மேல்பகுதியிலிருந்து மூன்று கம்பிகள், 120 பாகை இடைவெளியில், கீழே ஏறத்தாழ 45 பாகை சாய்வில். ஒவ்வொன்றிலும் முறுக்கி இறுக்க ஒரு டர்ன்பக்கிள். நைலான் கயிறு போட்டுச் சிக்கனம் செய்பவர்கள் அது நனைந்ததும் நீளும் என்பதைப் புயலன்று கண்டுகொள்வார்கள். இறுக்குவதிலும் அளவு உண்டு. ஒரு கம்பியை வீரத்தோடு முறுக்கினால் எதிரே உள்ள இரண்டும் முனகும். கம்பம் வில்லாக வளையும். மூன்றையும் மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகவேண்டும். கம்பியில் சிவப்புத் துணி கட்டாவிட்டால் இரவில் மனிதர் தடுக்கி விழுவார். வேலி போடாவிட்டால் பகலில் மாடு முதுகு சொறியும்.

மாடு சொறிந்தால் என்ன கெட்டுவிடும் என்போருக்கு, மழைமானியின் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு தராசைக் காட்டவேண்டும். இரண்டு குட்டி வாளிகள் ஏற்றப்பலகைபோல் ஓர் அச்சில் இருக்கின்றன. ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் 0.2 மி.மீ. மழை என்று கணக்கு ஏறும். சாய்த்தது மழையா, ஆட்டமா என்று அந்த வாளிக்குத் தெரியாது. முக்காலி நடுங்கினால் வாளி சாயும், சாய்ந்தால் மழை. இந்த வகையில், துளிகூட மேகமில்லாத ஆடிமாதப் பிற்பகலில் காற்றுக்கே மழை பெய்த பதிவுகள் உண்டாகும். இதனால்தான் விவரமறிந்தவர்கள் மழைமானியை முக்காலியிலிருந்து இறக்கித் தனிக்காலில் வைக்கிறார்கள். அங்கேயும் விளிம்பில் ரசமட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்க்கவேண்டும். குமிழி நடுவில் வந்து நிற்கும். கடைசி நட்டை இறுக்குவோம். குமிழி நகரும். அதைத் திருத்த எதிர்க்கால் நட்டைத் தளர்த்துவோம். பொழுது போவது இப்படித்தான்.

நட்டும் துணைக்கருவியும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எவரெஸ்டிலிருந்து சான்று தரலாம். 2019 மே மாதம் டாம் மேத்யூஸ், பேக்கர் பெர்ரி ஆகியோர் ஷெர்பாக்களோடு ஏறி, பால்கனி எனப்படும் இடத்தில், 8,430 மீட்டர் உயரத்தில், ஒரு வானிலை நிலையத்தை நிறுத்தினார்கள். உச்சிக்கு அருகே நிறுத்தத்தான் எண்ணம். மலையேறிகளின் வரிசை நீண்டு கிடந்ததால் அங்கேயே நிறுத்தினர். பாறையில் துளை போடும் டிரில்லின் பேட்டரி குளிரில் உறைந்துபோனது. உடம்பின் சூட்டில் வைத்துத்தான் அதை உயிர்ப்பித்தார்கள். முக்காலி நின்றது. அப்புறம் பார்த்தால், காற்றுக் கருவிகளைப் பொருத்தும் சிறு குழாய்த் துண்டுகளைக் காணோம். அத்தனை ஆராய்ச்சி, அத்தனை ஆக்சிஜன், அத்தனை பேர் முதுகுச் சுமை. இல்லாமல்போனது விரல்கடை நீளக் குழாய். கடைசியில் பனி வாரும் மண்வெட்டியின் கைப்பிடி அளவு பொருந்த, அதை வைத்துக் கட்டினார்கள். 2022இல் இன்னும் மேலே, 8,810 மீட்டரில், வேறொரு நிலையம் நிறுவப்பட்டது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மவுண்ட் வாஷிங்டன் மலையுச்சியில் கட்டடத்தையே சங்கிலிகளால் பாறையோடு கட்டிவைத்திருந்தார்கள். 1934 ஏப்ரல் 12 அன்று அங்கே 372 கி.மீ. காற்று பதிவானது. அன்று விடியுமுன் வெண்டல் ஸ்டீபன்சன் என்ற பணியாளர் கடுங்காற்றிலேயே ஏணியில் ஏறி, கருவியில் படிந்த பனிக்கட்டியைத் தடியால் அடித்து உதிர்த்தார். ஸ்டே கம்பி, சங்கிலி, டர்ன்பக்கிள் எல்லாவற்றுக்கும் மேலாகத் தடி என்றொரு துணைக்கருவியும் இந்தத் துறைக்கு உண்டு என்று இதனால் அறிக.

நின்றபின் வடக்கு பார்க்கவேண்டும். காற்றுத்திசைகாட்டியின் குறி வடக்கை நோக்கவில்லையென்றால் வாடை தெற்கிலிருந்து வீசும். திசைமானியை இரும்பு முக்காலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு முக்காலிதான் வடக்கு. பத்தடி தள்ளி நின்று பார்க்கவேண்டும்.

மேலாய்வுக்கு விடப்படுபவை சில. வெப்பமானிக் கூட்டில் குளவி கூடு கட்டுவது. மழைமானிக்குள் சிலந்தி வலை பின்னி வாளியைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்வது. இவற்றைவிடப் பெரிது காக்கை. சுற்றுவட்டாரத்தில் உயரமான, ஆள் வராத இடம் எது என்று அது பார்த்து உட்காரும்போது, முக்காலிக்காரர் தேடிய அதே இலக்கணம் அதற்கும் பொருந்திவருகிறது. மழைமானி விளிம்பில் முள்வரிசை பொருத்தி விற்கிறார்கள். பொருத்தாத வீடுகளில் எச்சம் புனலை அடைத்து, ஐப்பசி அடைமழையிலும் பதிவேட்டில் 0.0 மி.மீ. என்று ஏறிக்கொண்டிருக்கிறது.