பாண்டியன் போனால்தான் தூங்குவான்

செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருக்கும் ஒரு கைக்குழந்தைக்காரியிடம் மணி கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். "பாண்டியன் போயிடுச்சா? அப்போ இவன் தூங்குற நேரம்தான்" என்பாள். எழும்பூரிலிருந்து தெற்கே போகிற ராத்திரி வண்டிகள் இந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் போயாக வேண்டும். முத்துநகர் போகும்போது பையனுக்கு ராத்திரிச் சாப்பாடு. பொதிகைக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றுவது. பாண்டியன் சத்தம் அடங்கினால் தூளி. நள்ளிரவுக்கு மேல் மலைக்கோட்டை ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது தூளிக்கு வெளியே ஒரு கால் நீளும். திருச்சிக்குப் போகிறவர்கள் பெர்த்தில் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்கிற அந்த நேரத்தில், இவள் எழுந்து உட்கார்ந்து ரயில்வே அமைச்சருக்கு மனசுக்குள் ஒரு மனு எழுதுவாள். மனு பாதியில் நின்றுவிடும். அடுத்த கால் வெளியே வந்திருக்கும்.

இவளுக்குப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். வேதாசலம் நகரிலும் இருப்பாள், மேலமையூரிலும் இருப்பாள். வீட்டுக்காரர் மகிந்திரா சிட்டியில் வேலை பார்ப்பவர். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் இவளும் அங்கே போய்வந்தவள்தான். அடையாள அட்டை தொங்கிய தோளில் இப்போது எச்சில் துண்டு. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29 என்று ஒரு காலத்தில் போட்டித் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தாள். இன்றைக்குக் கேட்டால் விழிப்பாள். ஆனால் பையன் குப்புற விழுந்த நாள், தவழ்ந்த நாள், கீழ்ப்பல் எட்டிப்பார்த்த நாள் எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். "உங்க அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம் எப்போ?" என்று கேளுங்கள். "இவனுக்கு மூணரை மாச ஊசி போட்டு, தொடை வீங்கி ராத்திரியெல்லாம் அழுதானே, அதுக்கு மறுநாள்." குடும்பச் சரித்திரமே ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் என்று பிரிந்து கிடக்கிறது.

சாதம் ஊட்டுவதில் செங்கல்பட்டுக்காரிக்கு ஒரு வசதி உண்டு. மற்ற ஊர்களில் நிலாவைக் காட்டியாக வேண்டும். அது மாசத்தில் பாதி நாள் வேலைக்கு ஒழுங்காக வராது. இங்கே கூட்ஸ் வண்டி இருக்கிறது. கொளவாய் ஏரிக் காற்று அடிக்கிற மொட்டை மாடியில் இடுப்பில் பையன், கையில் பருப்புச் சாதக் கிண்ணம். "பொட்டி வருது பார், ஆ..." பெட்டிக்கு ஒரு வாய். நீளமான சரக்கு வண்டியாக வாய்த்துவிட்டால் கிண்ணம் காலி. அன்றைக்கு ஓட்டுநருக்குக் கையசைத்து அனுப்புவாள். மின்சார ரயில் பரவாயில்லை ரகம். பன்னிரண்டு பெட்டி, பன்னிரண்டு வாய், அதில் நாலு துப்பல். வந்தே பாரத் வருகிற நேரத்தில் கிண்ணத்தைக் கையில் எடுப்பதே வீண். "ஆ" என்று சொல்லி முடிப்பதற்குள் வால் போய்விடும். நாட்டின் வேக வளர்ச்சியை இவ்வளவு கடுப்போடு பார்க்கிற வேறொரு குடிமகளை நான் கண்டதில்லை.

வீட்டுக்குள் மூன்று அரசாங்கங்கள். மாமியார் வசம்பு உரைக்கச் சொல்வார். டாக்டர் வசம்பு கூடாது என்பார். கைபேசியில் இருக்கிற தாய்மார் குழுவோ, டாக்டர் யார், எங்கே படித்தார் என்று ஆரம்பிக்கும். இவள் மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு, அம்மாவுக்குப் போன் போடுவாள். அம்மா சொல்வது நாலாவதாக இருக்கும். கடைசியில் பையனே பார்த்து அழுகையை நிறுத்திக்கொள்வான். புகழை யார் எடுத்துக்கொள்வது என்பதில்தான் ராத்திரி வரை இழுபறி.

யோசனை என்று ஒன்று இவளுக்கு உண்டா என்றால், உண்டு. தலைக்கு ஊற்றிக்கொள்கிற ஐந்து நிமிஷத்தில். படித்த படிப்பு, விட்ட வேலை, கல்லூரியில் கொடைக்கானல் போனபோது பேருந்தின் கடைசி சீட்டில் ஆடியது, மாமல்லபுரத்தில் தோழிகளோடு அலையில் கால் நனைத்துக்கொண்டு பொழுது சாய்கிற வரை பேசியது, எல்லாம் சீயக்காயோடு சேர்ந்து நுரைத்து வரும். "நான் யார்?" என்ற கேள்வி வரைக்கும்கூடப் போவாள். சரியாக அந்த இடத்தில் கதவு தட்டப்படும். "ம்மா!" பதில் கிடைத்துவிட்டது.

அப்படி ஒரு குளியலில் பிறந்த தீர்மானம்தான் மாமல்லபுரப் பயணம். செங்கல்பட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் கணக்கு கணவருக்கு. இவள் கணக்கு வேறு: "பஸ்ஸு ஏறினதும் தூங்கிடுவான், திருக்கழுக்குன்றம் வரைக்கும் கவலையில்ல. அதுக்கப்புறம் ஒரு பிஸ்கட் தூரம்."

பையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அரசு மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைக்குத் தமிழ்நாடு அரசு 2015-இல் ஒரு பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தது. துண்டு, மெத்தை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருள்கள். ஒரு பிள்ளையை வளர்க்க அரசாங்கம் யோசித்து முடித்தது அந்தப் பதினாறில். இவள் பை அதைக் காலையிலேயே தாண்டிவிடும். டயப்பர் ஏழு, மாற்றுச் சட்டை நாலு, சட்டைக்குச் சட்டை என்று இன்னும் ரெண்டு, வெந்நீர் பிளாஸ்க், ஆறின நீர் பாட்டில், ரெண்டையும் கலக்கக் கிண்ணம், ஓமத் தண்ணீர், மை டப்பா, பொரி, வாழைப்பழம், பழம் பிடிக்காவிட்டால் ஆப்பிள், ஆப்பிள் சீவக் கத்தி, கத்தியைச் சுற்ற அவனுடைய பழைய ஜட்டி. அவளுக்கென்று பையில் ஒரு சீப்பு மட்டும் உண்டு. அது அடியில் இருக்கும். திரும்பி வந்து பையைக் கவிழ்க்கிறபோதுதான் கண்ணில் படும்.

சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது, ஐந்து வயது வரை குழந்தைக்கும் கிடையாது. நடத்துநர் மாமியாரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்து, "இதுக்கு மட்டும் ஒண்ணு போட்டுடட்டுமா தாயி?" என்றார்.

திருக்கழுக்குன்றத்தில் மலையைக் கண்டதும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எங்க சின்ன வயசுல இந்த மலைக்குத் தெனம் உச்சிப்பொழுதுல கழுகு ரெண்டு வரும். வச்ச பொங்கலைத் தின்னுட்டு, பறந்து போயிடும்." அந்தக் கழுகுகள் வருவது நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. மாமியார் சொன்னது பக்தியில். இவள் கேட்டது பொறாமையில். "கூப்பிட்ட நேரத்துக்கு வந்து, மிச்சம் வைக்காமத் தின்னுட்டுப் போச்சா அத்தை? யாரும் பின்னாடி ஓடலையா?" கணவர் சங்குத் தீர்த்தத்தைக் காட்டி, அந்தக் குளத்தில் 12 வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று ஆரம்பித்தார். "மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்திருக்கான்."

மாமல்லபுரத்தில் முதலில் வெண்ணெய் உருண்டைப் பாறை. சுமார் 250 டன் எடை சொல்கிறார்கள். 1908-இல் கவர்னர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தும் அசையவில்லை என்று ஊரில் ஒரு கதை. அதை இரண்டு கையாலும் தாங்குகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவதில்லை. இவளும் நின்றாள். இடது இடுப்பில் பையன், வலது கையில் பாறை. அந்தப் படத்தை நான் பார்த்தேன். பாறைப் பக்கம் தோள் நேராக இருக்கிறது. சாய்ந்திருப்பது பையன் இருக்கிற பக்கம்தான்.

உருண்டை நிற்கிற சரிவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வழுக்கி வழுக்கி, பாறை கண்ணாடியாகிக் கிடக்கிறது. பையனும் வழுக்கினான். மறுபடி. மறுபடி. அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரம் வந்தபோதுதான், ஏழு யானைகள் இழுத்தும் நகராத பொருள் அந்த இடத்தில் இரண்டு என்று தெரிந்தது.

அங்கிருந்து இரண்டு எட்டில் அந்தப் பெரிய புடைப்புச் சிற்பம். அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். கைக்குழந்தைக்காரியைக் கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அது யானை. பக்கத்தில் பூனை. பூனை பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது, காலடியில் எலிகள். "பூனை என்ன பண்ணுது? சாமி கும்பிடுது. நீயும் கும்பிடு." வழிகாட்டி ஆங்கிலத்தில் பல்லவர் காலம் சொல்லிக்கொண்டிருக்க, தரையோடு குந்தி, பிள்ளையின் கண் மட்டத்தில் பார்த்ததால் இவளுக்குத்தான் எல்லாம் தட்டுப்பட்டது. பெரிய யானையின் வயிற்றுக்குக் கீழே ஒண்டிக்கிடக்கிற குட்டிகள், பக்கத்து மண்டபத்தில் பால் கறக்கிறபோது கன்றை நக்கிக்கொண்டு நிற்கிற பசு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குரங்குக் குடும்பம். தாய்க்குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. பின்னால் உட்கார்ந்து ஆண்குரங்கு அதன் தலையில் பேன் பார்க்கிறது.

இவள் அங்கே ரொம்ப நேரம் நின்றாள். "என்னங்க, இங்க வாங்க. இதை நல்லாப் பாருங்க."

"ஆமா, ரொம்ப தத்ரூபம்" என்றார் கணவர்.

"தத்ரூபம் கெடக்கட்டும். அதுக்குக் கூட ஒத்தாசைக்கு ஆள் இருக்குது."

கணவர் கலங்கரை விளக்கத்தைக் காட்டிப் பேச்சை மாற்றினார். அது தப்பான திசை. அதன் பக்கத்திலேயே மகிடாசுரமர்த்தினி குகை. ஒரு பக்கச் சுவரில் எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் ஏறி எருமைத்தலையனோடு போர் செய்கிறாள் துர்க்கை. எதிர்ச்சுவரில் பெருமாள் பாம்பணையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். காலடியில் அசுரர்கள் மதுவும் கைடபனும் வந்து நின்றும் அசையவில்லை. நடுக் கருவறையில் சோமாஸ்கந்தர்: அப்பா, அம்மா, அம்மா மடியில் பிள்ளை. இவள் இந்தச் சுவரைப் பார்த்தாள், அந்தச் சுவரைப் பார்த்தாள், நடுவில் பார்த்தாள்.

"நம்ம வீட்டை எவனோ வந்து பார்த்துட்டுப் போய்ச் செதுக்கியிருக்கான்."

மாமியாருக்கு மகனை விட்டுக்கொடுக்க மனசில்லை. "பெருமாள் தூங்கலடி. அது யோக நித்திரை."

"இவரும் தெனம் அதத்தான் சொல்றாரு அத்தை."

பல்லவச் சிற்பிகள் சோமாஸ்கந்தரை விட்டேனா பார் என்று ஊர் முழுக்கச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்; கடற்கரைக் கோயிலிலும் உண்டு. அத்தனையிலும் அந்தக் குமரன் 1300 வருஷமாக அம்மா மடியை விட்டு இறங்கவில்லை. இவள் பையன் மடியில் உட்கார்ந்த மொத்த நேரம், சட்டை மாற்றிய நேரம். கடற்கரைக் கோயிலுக்கு டிக்கெட் 40 ரூபாய், 15 வயதுக்குள் இலவசம். இலவசமாகப் போனவன் நுழைந்ததிலிருந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கட்டணம் கட்டியவள் அவன் பின்னால் குனிந்தபடியே கோயிலை ஒரு சுற்று முடித்தாள். விமானத்தை எப்போது பார்த்தாள் என்றால், வீட்டுக்கு வந்து படத்தில்.

அலையைக் கண்டு முதலில் அலறினான், பிறகு சிரித்தான், பிறகு ஒரு கைப்பிடி மணலை வாயில் போட்டுக்கொண்டான். பருப்புச் சாதத்துக்குக் கூட்ஸ் வண்டி கேட்கிற வாய், வங்காள விரிகுடா மணலை யாரும் ஊட்டாமலே தின்றது.

ஊர் திரும்பியதும், கல்லூரித் தோழி போனில் கேட்டாள்: "மகாபலிபுரம் எப்படிடி இருந்துது? நாம போனப்போ மாதிரியே இருக்கா?" இவள் கொஞ்சம் யோசித்தாள். "நல்லா இருக்குதுடி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஓட்டல்ல மூலையில பேன் இருக்குது, தெரையும் இருக்குது. உக்காந்து பால் குடுக்கலாம். பரவால்ல."

ஆனால் போகிற ஆசை விடவில்லை. அடுத்த ஞாயிறு எங்கே என்று கணவர் கேட்டபோது, வடநெம்மேலி முதலைப் பண்ணை என்றாள் உடனே. ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் ஆரம்பித்த இடம். கணவருக்கு ஆச்சரியம், பல்லியைக் கண்டாலே கட்டில் மேல் ஏறி நிற்கிறவள்.

"அங்க போய் என்ன பண்ணப்போற?"

"மொதலையெல்லாம் வெயில்ல வாயத் தெறந்துக்கிட்டே கெடக்குமாமே? கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு சாதம் ஊட்டினா, அதைப் பார்த்தாவது இவன் தெறக்கிறானா பாக்கலாம்."