காது நல்லா இருக்கு, கூட்டிட்டுப் போங்க

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் நாங்கள் பேச்சு–செவித்திறன் படித்தபோது, குழந்தைகளின் காதைச் சோதிக்க எங்களிடம் இருந்த முதல் கருவி ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு கிலுகிலுப்பை, பித்தளை மணி, சின்ன டமாரம், எவர்சில்வர் டம்ளர், ஸ்பூன். குழந்தை அம்மா மடியில் இருக்கும். ஒருத்தி முன்னால் பொம்மை காட்டுவாள், இன்னொருத்தி ஓசைப்படாமல் பின்னால் போய் மணியடிப்பாள். தலை திரும்பினால் காது கேட்கிறது, திரும்பாவிட்டால் கேட்கவில்லை. அறிவியல் அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதைக் கெடுக்கவென்றே சில குழந்தைகள் வருவார்கள். முதுகுக்குப் பின்னால் டமாரத்தை வெளுத்து வாங்கினாலும் அசையமாட்டார்கள். வராந்தாவில் யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் எழுந்து ஓடுவார்கள். “பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதே இல்லைங்க. ஆனா டி.வி.யில விளம்பரம் வந்தா எங்க இருந்தாலும் ஓடி வந்துருவான்” என்பார் அம்மா. அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்டவற்றில் உருப்படியான தகவல் அது ஒன்றுதான். ‘தாய் தரும் விவரம் முன்னுக்குப்பின் முரணாக உள்ளது’ என்று எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நல்ல ஆங்கிலத்தில் எழுதினோம்.

அடுத்து பெரா. தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, காதுக்குள் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுத்து, செய்தி மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று அலைகளாகப் பார்க்கும் சோதனை. குழந்தை தூங்கினால்தான் நடக்கும். முந்தின இரவு தூங்க விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பி, காலையில் டிரைக்ளோஃபாஸ் சிரப் கொடுப்போம். மற்ற குழந்தைகள் தூங்கும். இவர்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்து, சிரப்பையும் குடித்துவிட்டு, மத்தியானம் வரை மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அப்பா தூங்கிவிடுவார். எப்படியோ அலைகள் ஒழுங்காக வந்துவிட்டால் எங்களுக்கு அப்பாடா என்றிருக்கும். “காது நல்லா இருக்கு, கூட்டிட்டுப் போங்க.” சீர்காழிப் பக்கத்துப் பாட்டி என்றால், திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகிக்கு வேண்டிக்கொண்டதுதான் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அம்மா எழுந்திருக்கமாட்டார். “அப்ப ஏங்க பேசலை?”

அதற்கான பதில் மாடியில் இருந்தது. அமெரிக்காவில் காதுக்குத் தனிப் படிப்பு, பேச்சுக்குத் தனிப் படிப்பு. நம் நாட்டில் இளநிலையில் இரண்டும் ஒரே பட்டம், ஒரே மாணவி. காலையில் கீழே காது, மதியம் மாடியில் பேச்சு. ஆட்டிசம் மாடியின் பாடம். தேர்வில் அதற்கு அழகாக ஒரு கட்டுரை எழுதியவள், மறுநாள் காலை கீழே வந்து அதே குழந்தையின் முதுகுக்குப் பின்னால் டமாரம் அடிப்பாள். இரண்டு தளங்களுக்கும் நடுவில் இருபது படிக்கட்டுகூட இருக்காது.

மாடியிலும் கதை அப்படியொன்றும் பிரமாதமில்லை. அம்மாவின் பாசக் குறைவால்தான் குழந்தை தனக்குள் சுருங்கிப் போகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய புத்தகம் நூலகத்தில் இருந்தது. அந்த வாதத்தை பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே மறுத்திருந்தார், ஆனால் அவர் எங்கள் அலமாரிக்கு வந்து சேரவில்லை. ஆகவே, நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்த பெண்ணிடம் போதிய பாசம் இருக்கிறதா என்று நாங்கள் கூர்ந்து கவனித்தோம். ‘ரெயின் மேன்’ படம் பார்த்திருந்த தோழி ஒருத்தி, ஆட்டிசம் என்றால் சிந்திய பல்குச்சியை ஒரே பார்வையில் எண்ணிவிடுவார்கள் என்றாள். ஸ்பூனும் டம்ளரும் எண்ணத் தெரியாத எங்கள் குழந்தைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

இதில் வேடிக்கை, 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, சிலரை முதலில் காது கேளாதவர்கள் என்று நினைத்திருந்தார்கள் என்ற செய்தி இருக்கிறது. பால்டிமோரிலிருந்து அது எங்கள் அறைக்கு வர அரை நூற்றாண்டு போதவில்லை. சட்டம் இன்னும் நிதானம். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் கிடையாது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதன் பெயரைச் சொன்னது. 2016ஆம் ஆண்டின் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக அதற்கும் இடம் கிடைத்தது.

இப்போது நான் பாடம் நடத்துகிற மாணவிகளுக்கு எல்லாம் தெரியும். மிகையில்லை, எல்லாமே தெரியும். இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலின் 40 கூறுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ‘எம்-சாட்’ வினாப்பட்டியலின் இரண்டாவது கேள்வியே, குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா என்பதுதான் என்று எனக்கே நினைவூட்டுவார்கள். காதே திருப்பி ஒலியெழுப்பும் என்று 1978இல் டேவிட் கெம்ப் கண்டதை வைத்துச் செய்த ஓஏஇ கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. பல மருத்துவமனைகளில், பெரும்பாலான குழந்தைகள் பிறந்த இரண்டாம் நாளே அதில் ‘பாஸ்’ வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகின்றன.

சாதனங்கள் பெருகியதில் வேகமும் பெருகிவிட்டது. குழந்தை உள்ளே நுழைந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, ஷீட்டில் ‘ஐ கான்டாக்ட் புவர்’ என்று விழுந்துவிடும். விடியற்காலையில் கிளம்பி வந்து, ஜன்னலே இல்லாத தடித்த கதவுள்ள அறையில் உட்கார வைக்கப்பட்ட குழந்தையின் தலையில் முன்பின் தெரியாத ஒருத்தி எதையோ மாட்ட வருகிறாள். அந்த அறையில் எனக்கே ஐ கான்டாக்ட் புவர்தான்.

ஒரு பையனுக்கு இப்படித்தான் ‘ஆட்டிசம் சந்தேகம்’ என்று எழுதியாயிற்று, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதற்காக. அவனோ அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஃபேனைக் காட்டி, புருவத்தை உயர்த்தி, அது ஏன் சுற்றவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தான். வாயைத் தவிர உடம்பு முழுவதும் பேசுகிற பிள்ளை. ஓஏஇ இரண்டு காதிலும் வரவில்லை, பெராவில் அலையும் இல்லை. காது கேட்காத குழந்தை விரல் நீட்டிக் காட்டும், முகம் பார்க்கும், பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கிற குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குக் காதுக்கருவி மாட்டி, பேச்சு வராதபோது, வீட்டில் கழற்றி வைத்துவிடுகிறீர்களா என்று அம்மாவைக் கேட்பது அன்றும் இன்றும் மாறாத மரபு.

நான் பெரிதாக ஒன்றும் கற்றுத் தருவதில்லை. இப்போதைய சோதனை அறையில், ஒலி வந்த பக்கம் குழந்தை திரும்பினால், அங்கிருக்கும் பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மைக் குரங்கு தாளம் தட்டும். பெரும்பாலான இரண்டு வயதுக் குழந்தைகள் குரங்கைப் பார்த்த கையோடு அம்மாவைப் பார்ப்பார்கள், ‘நீயும் பார்த்தியா’ என்று. சிலர் குரங்கை மட்டும் பார்ப்பார்கள். ஒருவன் எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய் ஒயரைத் தேடினான். ஆடியோகிராமில் இதைக் குறிக்க இடமில்லை, அதனால் அந்தக் கணத்தில் மாணவிகள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தையைப் பார் என்பேன். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறான் என்று கேள் என்பேன். மிக்ஸியா, குக்கர் விசிலா? காது என்றாலே குறைவாகக் கேட்பதைத்தான் அளக்கப் பழகியிருக்கிறோம். பார்த்ததை எழுது, ஆட்டிசம் என்று நீ தீர்ப்பு சொல்லாதே, குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் அனுப்பு, அதுவரை பேச்சுப் பயிற்சியை நிறுத்தி வைக்காதே.

போன மாதம் இன்டர்ன்ஷிப் மாணவி ஒருத்தி அப்படித்தான் ஒரு குடும்பத்தை உட்கார வைத்திருந்தாள். காதில் ஒரு குறையும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு, வேண்டியதை விரலால் காட்டுவானா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் எடுக்கச் சொல்வானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான் என்று சொல்லிப் பார்த்த பாட்டி கடைசியில் பொறுமையிழந்தார். “காதுதான் கேக்குதுன்னுட்டியே தாயி, அப்புறம் எதுக்கு இம்புட்டு நேரம்?”

“காது கேக்குதுங்கறதாலதான் பாட்டி” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.