கலந்த நாதமும் பிரிக்கும் கணிதமும்

கேள்வி: பாலையும் நீரையும் பிரிக்க அன்னப்பறவை உண்டென்பார்கள். பல அதிர்வுகள் கலந்த ஒலியைப் பிரிக்கக் கணிதத்தில் என்ன பறவை இருக்கிறது?

பதில்: பறவை இல்லை, ஊஞ்சல் இருக்கிறது. ஊஞ்சலாடும் குழந்தையை, அது பின்னே வந்து திரும்பும் கணமறிந்து விரலால் தொட்டுவிட்டாலும் வீச்சு வரவர ஏறுவதையும், தாளம் தப்பித் தள்ளினால் ஒரு தள்ளு கொடுத்ததை மறு தள்ளு பறித்துக்கொள்வதையும் வீட்டுக் கூடத்திலேயே கண்டிருக்கிறோம். கணிதத்தின் உபாயமும் அதுவே. விநாடிக்கு 240 அதிர்வு அவ்வொலியில் உண்டா என்று அறிய வேண்டுமானால், அதே அதிர்வெண்ணுள்ள ஸைன், கொஸைன் அலைகளால் அதைக் கணத்துக்குக் கணம் பெருக்கி, பலன்களையெல்லாம் கூட்ட வேண்டும். அந்த அதிர்வு உள்ளே இருந்தால் தொகை வளர்ந்துகொண்டே போகும்; இல்லையெனில் மிகையும் குறையும் ஒன்றையொன்று விழுங்கி, தொகை பூஜ்யத்தை ஒட்டியே நின்றுவிடும்.

கேள்வி: இதை நிலைநாட்டியவர் சங்கீத வித்வானா?

பதில்: அல்லர், உஷ்ணத்தை ஆராய்ந்தவர். பிரான்ஸில் கிரெனோபிள் நகரிலிருந்து, நம் கலெக்டரை ஒத்த உத்தியோகம் பார்த்துக்கொண்டே, உலோகத்தில் வெப்பம் பரவும் விதத்தைக் கணித்த ஜோசப் ஃபூரியே, கூரிய மூலைகள் கொண்ட கோடுகளையும் வழவழப்பான அலைகளின் கூட்டாக எழுதலாமென்று 1807-இல் பாரிஸ் விஞ்ஞான சபையின்முன் வைத்தபோது, லக்ராஞ்ச் போன்ற மகா மேதையே அதை ஒப்பவில்லை. ஃபூரியே சளைக்கவில்லை, 1822-இல் அவருடைய நூல் வெளிவந்தது.

கேள்வி: கலந்த அதிர்வுகளைப் பற்றிப் பேசுகையில் ஒன்று கேட்கிறேன்: மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக இருப்பது அழகுக்காகவா?

பதில்: அழகு உண்டு, காரியம் அதனினும் பெரிது. வெறுந்தோலைத் தட்டினால் அடிப்படை அதிர்வோடு, அதன் 1.59 மடங்கும் 2.14 மடங்குமான அதிர்வுகள் எழுந்து, ஒன்றோடொன்று இணங்காமல் நிற்பதால், ஸ்வரம் தெளிவாகப் பிறப்பதில்லை. கல்பொடியையும் சோற்றையும் குழைத்து இட்ட அந்தக் கறுப்புக் கரணையின் பாரம் அவற்றை இரண்டு, மூன்று, நான்கு என்ற முழு மடங்குகளை நோக்கி நகர்த்துகிறது. நம் முழவுகளின் இந்த இனிமைக்குக் காரணத்தை சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஒரு பூச்சிட்டு, தேய்த்து, தட்டிக் கேட்டு, நாதம் சேர்ந்தால்தான் அடுத்த பூச்சு என்று பொறுமையோடு உட்கார்ந்திருந்த கைவினைஞரின் செவி, அம்மடங்குகளைக் கண்டுகொண்டுதான் இருந்தது.